அச்சத்திலிருந்து இளிவரலுக்கு: தொடக்க வகுப்பறையில் குழந்தையின் உணர்ச்சியும் பேச்சும் – பாராமகால் எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை தன் உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் பிறரோடு பேசிப் பழகவும் வகுப்பறை துணைநிற்க வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலக் கல்வியியல் வரவாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் வரலாற்றில் இச்சிக்கல் திண்ணைப் பள்ளிக் காலந்தொட்டே இருந்துவருகிறது. எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் நடத்திய பள்ளி, 1822ஆம் ஆண்டின் மன்றோ கணக்கெடுப்பு, அடையாற்றில் மரியா மாண்டிசோரி அளித்த பயிற்சி, 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆகியவற்றை இக்கட்டுரை இந்நோக்கில் வரிசைப்படுத்துகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அச்சம், இளிவரல் என்னும் இரு கருத்துகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. பிரம்பு நீங்கியதால் அச்சம் குறைந்தது. ஆனால் வீட்டுமொழி வேறாக உள்ள குழந்தையின் இளிவரல் நீங்கவில்லை என்பதைக் கிருஷ்ணகிரி–ஓசூர் எல்லைப் பகுதி தெளிவாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, திண்ணைப் பள்ளி, சட்டாம்பிள்ளை, செயல்வழிக் கற்றல், தாய்மொழி, பாராமகால், பாரூர்.

1. முன்னுரை

தொடக்கப் பள்ளியின் வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கை, பாடத்திட்டம், நிதி, சேர்க்கை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வகுப்பறைக்குள் அமர்ந்த குழந்தை எதற்கு அஞ்சியது, எப்போது வாய் திறந்தது, யாரோடு பேசியது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றன. எனினும் இவ்வினாக்களுக்குரிய சான்றுகள் இல்லாமல் இல்லை. ஆட்சியர் அறிக்கைகளிலும், தன்வரலாறுகளிலும், பயிற்று நூல்களிலும், சட்ட வாசகங்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தை இவ்வாய்வுக்குரிய களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற பாராமகால் நிலப்பரப்பின் நடுவில் கிருஷ்ணகிரி இருந்தது. 1799இல் ஓசூர்ப் பகுதியும் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி 2004இல் தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நிலம் இது. வகுப்பறையில் பேச்சு என்னவாகிறது என்பதை ஆராய இதனினும் பொருத்தமான களம் அரிது.

2. கருத்துக் கருவிகள்: மெய்ப்பாட்டியலும் நன்னூலும்

உணர்ச்சியைப் பகுத்துப் பார்க்கும் சொற்களைத் தமிழ் பிறமொழியினின்று கடன்பெற வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு நான்காகக் கூறுகிறது. அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்று ‘இறை’, அதாவது தமக்கு மேலாக நின்று ஆளும் தலைமை. வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்று ‘அலை’. அடித்து வருத்துதல் முதலியவற்றை அதற்குப் பொருளாக உரையாசிரியர் கொள்வர். இளிவரல், அதாவது தாழ்வுணர்ச்சியும் மானக்குறைவும், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றில் பிறக்கும். இங்கு மென்மை என்பது எளிமையை, வலிமையற்ற நிலையைக் குறிக்கும்.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு வகுக்கப்பட்டதேயன்றிப் பள்ளிக்கு வகுக்கப்பட்டதன்று. ஆயினும் உணர்ச்சி உடலின்கண் புலப்படுவது, அதற்குப் புறத்தே ஒரு காரணம் உண்டு என்னும் அதன் அணுகுமுறை இவ்வாய்வுக்குப் பெரிதும் உதவுகிறது. அழும் குழந்தையையும் சினக்கும் குழந்தையையும் ‘அடங்காத பிள்ளை’ என்று ஒதுக்காமல், அவ்வுணர்ச்சியின் நிலைக்களன் யாது என வினவும் முறை அதில் உள்ளது.

நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பித்தலைப் பற்றி நேராகவே பேசுகிறது. ஆசிரியன் விரைவின்றி, வெகுளியின்றி, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கொள்வோனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து பாடம் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. அத்தோடு, ஆசிரியன் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டாலும் மாணவனுக்குக் கல்வியில் காற்பங்கே அமையும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்று அந்நூல் கணக்கிடுகிறது. கற்றலின் முக்காற்பங்கு பேச்சிலும் பழக்கத்திலும் உள்ளது என்பதே இதன் பொருள். இக்கணக்கு வயதில் முதிர்ந்த மாணாக்கரை எண்ணிச் சொல்லப்பட்டது. எனினும் பிற்காலத் தொடக்கப் பள்ளிகளை அளப்பதற்கு அது தக்க அளவுகோலாகும்.

3. திண்ணைப் பள்ளியும் அச்சத்தின் ஒழுங்கும்

பாராமகாலில் 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னர்ச் சென்னை ஆளுநரானபோது 1822 ஜூன் மாதம் மாகாணம் முழுதுமுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச் மாதக் குறிப்பில் அவர் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆட்சியர்களின் மறுமொழிகளுள் பல, எண்களோடு நின்றுவிட்டன. வகுப்பறையின் உள்நிலையை விரித்துரைத்தது பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையாகும்.

கேம்பெல் குறிப்பிடும் காலை நேர வழக்கம் கருதத்தக்கது. பள்ளிக்கு முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் பெருமையின் அடையாளமாக எழுதப்படும். இரண்டாமவன் கையில், புகழுக்கும் இகழுக்கும் உரியவனல்லன் எனக் காட்டச் சுழி இடப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடிய அடி. சோம்பிய மாணவனைக் கூரையிலிருந்து கைகளால் தொங்கவிடுவதும், ஓயாது எழுந்து அமரச் செய்வதும் அவ்வறிக்கையில் இடம்பெறுகின்றன. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளிலும் இதனையொத்த கோதண்டம் முதலிய தண்டனைகள் வழக்கில் இருந்தன.

இவ்வழக்கத்தில் இரண்டு கூறுகளைப் பிரித்தறியலாம். ஒன்று, உடலுக்கு நேரும் அடி. மற்றொன்று, அனைவரும் காணும் வகையில் உள்ளங்கையில் இடப்படும் மதிப்பு. முன்னது அச்சத்தை விளைவிப்பது. பின்னது முதலாமவனுக்குப் பெருமிதத்தையும் ஏனையோர்க்கு இளிவரலையும் விளைவிப்பது. திண்ணைப் பள்ளி இவ்விரண்டையும் சேர்த்தே ஆண்டது. பிற்காலச் சீர்திருத்தங்கள் முதற்கூறினையே குறிவைத்தன என்பதைப் பின்னர்க் காணலாம்.

அதே அறிக்கை வேறு இரண்டு செய்திகளையும் தருகிறது. மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கேம்பெல் பாராட்டினார். ஆனால் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்களின் மொழி அவர்கள் பேசும் மொழியினின்று பெரிதும் வேறுபட்டதாதலின், பொருளறியாது ஒப்பிக்கின்றனர் என்றும் குறைகூறினார். வீட்டில் பேசும் பேச்சுக்கும் பள்ளியில் ஒலிக்கும் மொழிக்கும் இடையிலான தொலைவு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாகியுள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

4. எழும்பூர்ப் பள்ளியும் கறுப்புப் புத்தகமும்

மன்றோவின் கணக்கெடுப்புக்கு முன்பே திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு கடல்கடந்து சென்றுவிட்டது. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அது பல நாடுகளில் பரவியது.

பெல் அடிக்கும் வழக்கத்தை விரும்பாதவர். பிரம்புக்கு மாற்றாக அவர் வைத்தது ‘கறுப்புப் புத்தகம்’. மாணவர் செய்த பிழைகள் அதில் எழுதப்பெற்று வாரந்தோறும் பள்ளியார் அனைவர் முன்னும் படிக்கப்பட்டன. மாணவரே அமைத்த நடுவர் குழு தீர்ப்பளித்தது. பள்ளியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசித் தம் நடத்தையை ஆராய்ந்துகொள்ளும் இம்முறை அக்காலத்துக்குப் புதுமையானதே. எனினும் பிழை பலர் அறியப் படிக்கப்படும்போது குழந்தை எய்துவது அச்சமன்று, இளிவரல். அடியின் இடத்தை நாணம் பிடித்துக்கொண்டது எனலாம்.

5. அடையாறு: அமைதியும் பண்புப் பழக்கமும்

குழந்தையின் உணர்ச்சியை அடக்க வேண்டிய ஒன்றாகக் கொள்ளாமல், தக்க சூழலில் தானே ஒழுங்குபெறும் ஒன்றாகக் கொண்ட கல்விமுறை தமிழ்நாட்டில் நேராக வேரூன்றியது 1939இல். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அவ்வாண்டு இறுதியில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மாரியோ 1940இல் தடுத்து வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, பல வயதுக் குழந்தைகள் ஒருங்கிருந்து பயிலும் சூழலை அவர் விரிவாக வளர்த்தெடுத்தார்.

இம்முறையில் இரு பயிற்சிகள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, அனைவரும் அசைவின்றி அமர்ந்து தம் உடலைத் தாமே அடக்கி ஒலிகளைக் கேட்கும் அமைதி விளையாட்டு. மற்றொன்று, பிறர் வேலைக்கு இடையூறின்றிக் கடந்து செல்லுதல், உதவி கேட்டல், காத்திருத்தல், நன்றி கூறுதல் ஆகியவற்றை நடித்துக் காட்டிப் பழக்கும் பண்புப் பயிற்சி. திண்ணைப் பள்ளியில் அமைதி ஆசிரியரின் ஆணை; இங்கு அது குழந்தையின் செயல். இன்று உணர்ச்சி ஒழுங்குபாடு, சமூகத் தொடர்பாடல் என்று பிரித்துப் பேசப்படும் இரண்டும் இப்பயிற்சிகளில் ஒரு வேரினவாகவே உள்ளன. ஆனால் விலையுயர்ந்த கருவிகளும் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டியிருந்ததால், இம்முறை நகரத்துத் தனியார் மழலையர் பள்ளிகளோடு பெரிதும் நின்றுவிட்டது.

6. செயல்வழிக் கற்றல்: வகுப்பறையின் தரைக்கு வந்த மாற்றம்

சிற்றூர் அரசுப் பள்ளிக்கு அத்தகைய மாற்றம் வந்த வழி எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கென நடத்திய பல்வகுப்புப் பள்ளிகளில் ஏணிப்படி அமைப்பையும் கற்றல் அட்டைகளையும் உருவாக்கியது. அதனை அடியொற்றி 2003இல், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் அது மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

அதன் கல்விப் பயன் குறித்து விவாதங்கள் பல உண்டு. உணர்ச்சி, பேச்சு என்னும் நோக்கில் காணும்போது நான்கு மாற்றங்கள் முதன்மையானவை. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் குழந்தைகளோடு அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. குழந்தை தன் வருகையைத் தானே பதிந்தது. ஆசிரியர் துணையோடு பயிலும் குழு, சக மாணவர் துணையோடு பயிலும் குழு, தானாகப் பயிலும் குழு என இருக்கை முறையே கற்றலின் நிலையைப் பொறுத்ததாயிற்று. தேர்வில் பின்தங்கியவன் என ஒருவனைப் பலர் முன் நிறுத்தும் வாய்ப்பு, அவரவர் வேகத்தில் ஏறும் ஏணியால் குறைந்தது. நன்னூல் கூறும் உடன்பயில்வாரின் காற்பங்குக்கு அரசுப் பள்ளியின் நாள்முறையில் இவ்வாறு ஓரிடம் கிடைத்தது.

குறையும் அம்முறைக்குள்ளேயே இருந்தது. அட்டையை எடுத்தல், முடித்தல், அடுத்த படிக்கு ஏறுதல் என்னும் ஓட்டத்தில் பேச்சு கற்றலின் உள்ளீடாகாமல் அதன் துணைப்பொருளாகவே நின்றது. அட்டையின் மொழி அச்சிட்ட தமிழ். அதனைப் படிக்கத் தொடங்குமுன் குழந்தை எம்மொழியில் சிந்திக்கிறது என்னும் வினாவுக்கு ஏணியில் படி இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளை வகுத்துப் பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கு இடமளித்ததன் வாயிலாக இக்குறையை ஓரளவு உணர்ந்துகொண்டது எனலாம்.

7. சட்டமும் அதன் இரு பாதிகளும்

செயல்வழிக் கற்றல் தொடங்கிய 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு உடல்தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல்தண்டனையை மட்டுமன்றி மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 29ஆம் பிரிவோ, குழந்தையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றினின்று விடுவித்தலையும், தன் கருத்தைத் தடையின்றி வெளியிடத் துணைசெய்தலையும் ஒரே கூறாக இணைத்துச் சொல்கிறது. அதற்கு முந்தைய கூறு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது.

இவ்விரு கூறுகளும் அடுத்தடுத்து அமைந்தது பொருளுடையது. அச்சத்தை நீக்குவது ஒரு பாதி. பேச வைப்பது மறுபாதி. முதற்பாதியை ஆணையால் நிறைவேற்ற முடியும்: பிரம்பை எடுக்காதே என்று கூறலாம். இரண்டாம் பாதியை ஆணையால் நிறைவேற்ற இயலாது. அதற்கு மொழி வேண்டும்.

8. பாரூரும் எல்லைப் பகுதியும்: மொழி என்னும் நிலைக்களன்

போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்த பாரூர், பெரிய ஏரியால் அறியப்படும் வேளாண் ஊர். தென்பெண்ணை நீரும் மாந்தோப்புகளும் வாழ்வாதாரமாக விளங்கிய இவ்வட்டாரத்தில், அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளித் தொழிற்பூங்காவும் மின்சார இருசக்கர வாகன ஆலையும் எழுந்துள்ளன. மேற்கே ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் வளர்ந்து 2019இல் மாநகராட்சியாயிற்று. ஒருபுறம் இம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர். மறுபுறம் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஆலைகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் வருவோர். இவ்விரு பெயர்ச்சிகளும் குழந்தையின் வகுப்பறை வாழ்வைத் தொடுகின்றன. தாய்தந்தையர் வெளியூரில் இருக்கப் பாட்டன் பாட்டியிடம் வளரும் குழந்தையின் பிரிவுத் துயரும், ஆண்டின் நடுவே புதுப்பள்ளிக்குள் நுழையும் குழந்தையின் திகைப்பும் ஒரே வாசல் வழியாக வகுப்பறைக்குள் வருகின்றன.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் புதியவர்கள் அல்லர். சிறுபான்மை மொழிவழிப் பள்ளிகளும் இங்கு நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், அவ்வாண்டு முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பத்தாம் வகுப்பை எட்டிய நிலையில் மொழிச் சிறுபான்மை மாணவர் நீதிமன்றத்தை நாடி விலக்குப் பெற்றனர். இவ்விவாதம் தேர்வுத்தாளைச் சுற்றியே நிகழ்ந்தது. ஆறு வயதுக் குழந்தை முதல் வகுப்பில் முதன்முதலாக வாய் திறக்கும் தருணம் அவ்விவாதத்தில் அரிதாகவே பேசப்பட்டது.

அத்தருணத்தில்தான் மெய்ப்பாட்டியலின் பகுப்பு பயன்படுகிறது. வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் குழந்தை, தண்ணீர் குடிக்க வேண்டும், வயிறு வலிக்கிறது, அவன் என் பென்சிலை எடுத்துக்கொண்டான் என்பனவற்றைச் சொல்லச் சொல்லின்றி நிற்கிறது. சொல்ல இயலாத தேவை அழுகையாகவோ வெகுளியாகவோ உடலில் வெளிப்படும். அவ்வெளிப்பாட்டை ஆசிரியர் நடத்தைக் குறையாகக் கொள்ளலாம். தட்டுத் தடுமாறிப் பேசியதை வகுப்பு நகைத்தால் குழந்தை பின்னர்ப் பேசுவதையே விட்டுவிடும். அம்மௌனம் ஒழுக்கமாகவோ மந்தத்தன்மையாகவோ பதிவாகும். இங்கு எவரும் அடிக்கவில்லை. அச்சத்தின் நிலைக்களன் இல்லை. ஆனால் இளிவரலின் நிலைக்களனாகிய மென்மை, எளியோனாய் நிற்கும் நிலை, முழுமையாக உள்ளது. ஒருவருடைய நகை மற்றொருவருக்கு இளிவரலாவது வகுப்பறையின் அன்றாட உண்மை.

உணர்ச்சியை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்கு அதற்குப் பெயரிடுதல் முதற்படி. பெயர், முதலில் குழந்தையின் வீட்டுமொழியில் உள்ளது. எனவே எல்லைப் பகுதியில் உணர்ச்சித் துணை என்பதும் மொழித் துணை என்பதும் இரு வேறு பணிகள் அல்ல. கேட்டல், பேசுதல், பழகுதல் ஆகியவற்றில் வளர்ச்சிக் காரணங்களால் இடர்ப்படும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பன்மொழி வகுப்பறையில் மொழி புதிதாதலால் வரும் மௌனமும் வளர்ச்சி வேறுபாட்டால் வரும் மௌனமும் ஒன்றுபோலத் தோன்றும். வீட்டுமொழியில் குழந்தை எவ்வாறு பேசுகிறது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறியாமல் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தவறாகப் பிரித்தால் ஒரு குழந்தைக்குத் தேவையற்ற முத்திரையும், மற்றொரு குழந்தைக்கு உரிய துணையின் இழப்பும் நேரும்.

2022இல் பள்ளிகளில் வைக்கப்பெற்ற ‘மாணவர் மனசு’ பெட்டியை இவ்வரலாற்று வரிசையின் அண்மைக் கண்ணியாகக் கொள்ளலாம். பெல்லின் கறுப்புப் புத்தகம் குழந்தையின் குறையைப் பள்ளி எழுதிவைத்த ஏடு. இப்பெட்டி பள்ளியில் தனக்குள்ள குறையைக் குழந்தை எழுதியிடும் இடம். நோக்கு தலைகீழாக மாறியுள்ளது. ஆனால் எழுத்தறியாத, வேற்றுமொழிக் குழந்தையின் கை அப்பெட்டியை எட்டுவதில்லை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

வகுப்பறையில் குழந்தையின் உணர்ச்சி பற்றிய அக்கறை தமிழ்க் கல்வி மரபுக்குப் புதியதன்று. நன்னூலின் ஆசிரிய இலக்கணமும், உடன்பயில்வார் பற்றிய அதன் கணக்கும் இதற்குச் சான்று. நடைமுறையில் நின்றதோ அச்சத்தாலும் மதிப்பிறக்கத்தாலும் ஒழுங்கு காக்கும் பள்ளி.

எழும்பூர் முதல் செயல்வழிக் கற்றல் வரையிலான சீர்திருத்தங்கள் அச்சத்தின் நிலைக்களன்களைப் படிப்படியாகக் குறைத்தன. சட்டம் அதனை உறுதிசெய்தது. இளிவரலின் நிலைக்களன்கள், குறிப்பாக மொழி சார்ந்தவை, அவ்வளவாகத் தொடப்படவில்லை.

பாராமகால் எல்லைப் பகுதியில், குழந்தையின் வீட்டுமொழியில் சில சொற்களை ஆசிரியர் அறிந்திருத்தல், அதே மொழி பேசும் மூத்த மாணவரை இளையவர்க்குத் துணையாக்குதல், வகுப்பறையின் உணர்ச்சிச் சொற்களை இரு மொழிகளிலும் வழங்குதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயலுவன. மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் பழைய திண்ணை முறையினின்று சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தைக் களைந்து அதன் துணையை மட்டும் கொள்வதாக இது அமையும்.

இம்மாவட்டத்துப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், மாற்றுச் சான்றிதழ்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவுரைகள் ஆகியவை தொகுத்து ஆராயப்படின், எந்தக் குழந்தைகள் எந்த வகுப்பில் பேச்சிழந்து பள்ளியை விட்டு நீங்கினர் என்பதை ஊர்வாரியாகக் காண இயலும். அவ்வாய்வுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் அறிந்த ஆய்வாளர் தேவை. அச்சான்றுகளுள் முதியோரின் நினைவுரைகள் காலத்தால் விரைந்து அழிவன. ஆதலின் தொகுப்புப் பணியை அவற்றிலிருந்தே தொடங்குதல் தகும்.